டை ஃபைட்டருக்கு வால் இல்லை

1962 ஏப்ரல் 20 அன்று நீல் ஆம்ஸ்ட்ராங் தன் விமானத்தைத் திருப்பப் பார்த்தார். அது திரும்பவில்லை.

எக்ஸ்-15 என்ற அந்தக் கறுப்பு ராக்கெட் விமானம், பி-52 குண்டுவீச்சு விமானத்தின் இறக்கைக்கு அடியில் தொங்கிக்கொண்டு மேலே போய், அங்கிருந்து கழற்றிவிடப்பட்டு, தன் ராக்கெட்டை மூட்டி 63 கிலோமீட்டர் உயரம் வரை ஏறியிருந்தது. இறங்கி வரும்போது மூக்கைக் கொஞ்சம் கூடுதலாகத் தூக்கிப் பிடித்ததில், அடர்ந்த காற்றுக்குள் நுழையாமல் மறுபடியும் மேலே எழும்பிவிட்டது. கீழே கலிபோர்னியாவின் எட்வர்ட்ஸ் விமானத் தளமும் இறங்க வேண்டிய வறண்ட ஏரிப்படுகையும் பின்னால் போய்க்கொண்டிருந்தன. ஆம்ஸ்ட்ராங் விமானத்தை நன்றாகப் பக்கவாட்டில் சாய்த்தார். எந்த விமானியும் செய்வதுதான்; சாய்த்தால் திரும்பும். இது சாய்ந்தது, ஆனால் ஒலியைப் போல மூன்று மடங்கு வேகத்தில், சாய்ந்த கோலத்திலேயே, தெற்கே லாஸ் ஏஞ்சலஸ் திசையில் நேராகப் போய்க்கொண்டே இருந்தது. இறக்கை பற்றிக்கொள்ள அந்த உயரத்தில் காற்று போதவில்லை. கீழே இறங்கிய பிறகுதான் திருப்ப முடிந்தது. ஏரிப்படுகையின் தெற்கு ஓரத்தில் ஒருவழியாக இறங்கினார். 12 நிமிடம் 28 வினாடி பறந்திருந்தார். எக்ஸ்-15 விமானங்கள் பறந்த 199 தடவைகளில் மிக நீண்டது அதுதான்.

பதினைந்து ஆண்டு கழித்து, 1977-இல் ‘ஸ்டார் வார்ஸ்’ வெளிவந்தது. காற்றே இல்லாத வெளியில் அதன் போர்க்கலங்கள் சாய்ந்து சாய்ந்து திரும்பின. காரணம் ஒளிவுமறைவில்லாதது. சண்டைக் காட்சிகள் எப்படி இருக்க வேண்டும் என்று தன் குழுவுக்குக் காட்ட, இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் இரண்டாம் உலகப் போரின் விமானச் சண்டைப் படத்துண்டுகளைக் கோத்து ஒரு மாதிரிச் சுருள் தயாரித்திருந்தார். அந்த விமானங்கள் காற்றில் பறந்தவை. அவற்றின் அசைவை அப்படியே எடுத்து வெற்றிடத்தில் வைத்தார்கள்.

சாய்வதன் பொருள் என்ன என்பதை ஓடும் பேருந்தின் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களின் கை அறியும். வெளியே நீட்டிய உள்ளங்கையின் முன்விளிம்பைச் சற்றே தூக்கினால் கை மேலே போகும். அந்தக் கையைப் பக்கவாட்டில் சாய்த்தால், மேலே தூக்கிய அதே விசை இப்போது பக்கவாட்டில் இழுக்கும். விமானம் திரும்புவது இந்த இழுப்பால்தான். பேருந்து நின்றுவிட்டால் கையை எப்படிச் சாய்த்தாலும் ஒன்றும் நடக்காது. ஆம்ஸ்ட்ராங்குக்கு நடந்ததும் ஏறக்குறைய அதுதான்.

ஆனால் அந்தப் படங்களின் கலங்கள் வெற்றிடத்தோடு நின்றுவிடுவதில்லை. 2015-இல் வந்த ‘தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்’ படத்தில் எக்ஸ்-விங்குகள் ஏரி நீரை உரசியபடி பாய்ந்து வருகின்றன. டை ஃபைட்டர்கள் பாலைவனத்தின் மேல் துரத்துகின்றன. அங்கே மேகமும் காற்றும் இருக்கின்றன. எனவே அவை நிஜமாகவே பறக்குமா என்று கேட்பது நியாயமான கேள்வி. இதற்குப் பெரும்பாலும் கண்ணே பதில் சொல்லிவிடுகிறது. எக்ஸ்-விங்குக்கு நீண்ட மூக்கும் இறக்கையும் இருக்கின்றன, ஆகவே பறக்கும். டை ஃபைட்டர் ஒரு பந்து, இரண்டு பக்கமும் இரண்டு பலகை, ஆகவே பறக்காது. இந்தத் தீர்ப்பு எனக்கு உடன்பாடில்லை. விமான நிலையத்தில் பார்த்துப் பழகிய வடிவத்தைக் கொண்டு கண் எல்லாவற்றையும் அளக்கிறது. காற்றோ ஓர் உயரத்தில் ஒன்றும் இன்னோர் உயரத்தில் வேறொன்றும் கேட்கிறது.

முதலில் தரைக்கு அருகில் உள்ள காற்று. ஸ்டார் வார்ஸ் கையேடுகள் டை ஃபைட்டருக்குக் காற்றில் மணிக்கு 1,200 கிலோமீட்டர் வேகமும் எக்ஸ்-விங்குக்கு 1,050 கிலோமீட்டர் வேகமும் தருகின்றன. கணக்குக்கு எளிதாக 1,000 என்று வைத்துக்கொள்வோம். கடல்மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்று 1.225 கிலோ எடை உள்ளது. அந்த வேகத்தில் எதிர்ப்படும் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 4.8 டன். காற்று என்றாலே மெல்லியது என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிட வேண்டும்.

டை ஃபைட்டரின் பலகைகள் நேர்ப்பாதையில் தொல்லை தருவதில்லை. கட்டடச் சாமான் கடையில் பிளைவுட் பலகை வாங்கி, இருசக்கர வண்டியின் பக்கவாட்டில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். நேரே போகும்வரை பலகை இருப்பதே தெரியாது. காற்றுக்கு அதன் விளிம்பு மட்டும்தான் காட்டப்படுகிறது. டை ஃபைட்டரில் முன்னோக்கிய இழுவை முக்கியமாக நடுவிலுள்ள பந்திலிருந்தும், பந்தைப் பலகைகளோடு இணைக்கும் தண்டுகளிலிருந்தும் வருகிறது. பந்து காற்றில் போக ஏற்ற வடிவம் அல்ல. அதன் முதுகுப் பக்கம் காற்று ஒட்டிவராமல் பிரிந்து சுழலும். ஒலி வேகத்தை நெருங்க நெருங்க இழுவை ஏறும். அதே குறுக்களவுள்ள மீன் வடிவ உடலுக்கு இழுவை பல மடங்கு குறைவு. இருந்தாலும் போதிய உந்துவிசை இருந்தால் பந்தையும் தள்ளிக்கொண்டு போகலாம். எரிபொருள் செலவாகும், அவ்வளவே.

பிளைவுட்காரருக்கு ஆபத்து லாரி கடந்து போகும்போது வருகிறது. பக்கவாட்டில் ஒரு வீச்சு வந்தால் பலகை பாயாகிவிடும். டை ஃபைட்டரின் பலகை ஒன்றுக்குப் பரப்பு 40 சதுர மீட்டர் என்று கொள்வோம். மூக்கு பத்து டிகிரி மட்டும் பக்கவாட்டில் விலகினால், நான் மேலே சொன்ன வேகத்தில் ஒவ்வொரு பலகை மீதும் 50 டன்னுக்கு மேல் விசை விழும். முழுப் பாரம் ஏற்றிய ஒரு டிரெய்லர் லாரியின் எடை அது. அதைத் தாங்க வேண்டியது பந்தின் பக்கத்திலிருந்து நீளும் ஒரே ஒரு தண்டு.

தண்டு தாங்கும் என்றே வைப்போம். கதையில் வரும் உலோகத்துக்கு எந்த வலிமையும் கொடுக்கலாம். அப்போதும் வடிவம் ஒரு தவறு செய்கிறது. எந்த உலோகமும் அதைத் திருத்தாது. பட்டம் விட்டவர்களுக்கு இது உடனே விளங்கும். வால் கட்டாத பட்டம் ஏன் குட்டிக்கரணம் போடுகிறது? அம்பின் இறகு ஏன் பின்பக்கம் இருக்கிறது? பறக்கும் பொருளின் எடை மையம் முன்னாலும், காற்றின் பக்க விசை விழும் புள்ளி அதற்குப் பின்னாலும் இருந்தால், மூக்கு விலகும்போதெல்லாம் காற்றே வாலைத் தள்ளி மூக்கை நேராக்கிவிடும். புள்ளி முன்னால் போய்விட்டால் அதே காற்று விலகலை இன்னும் பெருக்கும்.

டை ஃபைட்டரின் எடை மையம் பந்தின் நடுவில் இருக்கும். பலகைகளும் அந்த நடுவை ஒட்டியே முன்னும் பின்னும் சமமாக நீள்கின்றன. ஆனால் மெல்லிய தட்டைக் காற்று சற்றே சாய்வாக அடிக்கும்போது விசை தட்டின் நடுவில் விழுவதில்லை. முன்விளிம்பிலிருந்து கால்வாசித் தூரத்தை ஒட்டி விழுகிறது. அதாவது எடை மையத்துக்கு முன்னால். மூக்கு ஒரு டிகிரி விலகினால் காற்று அதை இரண்டாக்கும், பிறகு நான்காக்கும்; கண்ணிமைக்கும் நேரத்தில் கலம் பக்கவாட்டில் திரும்பி, பலகைகளை முழுசாகக் காற்றுக்குக் காட்டி நிற்கும். ஒலி வேகத்தைத் தாண்டினால் அந்தப் புள்ளி தட்டின் நடுவை நோக்கி நகரும் என்பது உண்மை. அப்போது கலம் விலகலைப் பெருக்காது. ஆனால் திருத்தவும் செய்யாது. டை ஃபைட்டருக்கு இறக்கை இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. இறக்கையைவிட அதற்கு இல்லாதது வால்.

சொல்லப்போனால் இறக்கை இருக்கிறது, நிற்கும் வாக்கில் இருக்கிறது. கலத்தை 90 டிகிரி உருட்டிவிட்டால் பலகைகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் படுத்து, ஆதிகால இரட்டை இறக்கை விமானமாகிவிடும். அப்போது அவற்றில் தூக்குவிசை உண்டாகும். மிகக் குட்டையான இறக்கை என்பதால் பெரிய கோணத்தில் மூக்கைத் தூக்கிப் பறக்க வேண்டும், ஆனால் பறக்கும். 1930-களில் ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் புஸ்மான் ஒலியை மிஞ்சும் வேகத்துக்கு இரட்டை இறக்கையையே யோசித்தார். இரண்டு இறக்கைகளின் உட்பக்கங்களைச் சரியான வடிவில் செதுக்கினால், ஒன்றில் எழும் அதிர்ச்சி அலையை மற்றொன்று அழித்துவிடும் என்பது அவர் கண்டது. நடுவில் ஒரு பந்து இருந்தால் அந்த ஏற்பாடு கெட்டுவிடும் என்பதால் டை ஃபைட்டர் அந்தப் பலனைக் கேட்க முடியாது. ஆனால் உருட்டிப் பறக்கும் டை ஃபைட்டரை ஒரு படத்திலாவது பார்க்க எனக்கு ஆசை. 2016-இல் வந்த ‘ரோக் ஒன்’ படத்தில் காற்றுக்கென்றே ஒரு வகையைச் சேர்த்தபோது, அதற்குப் பலகைகளைக் கிடைமட்டமாகவே வைத்தார்கள்.

எக்ஸ்-விங்குக்கு வருவோம். அதன் முதல் வடிவத்தை வரைந்த காலின் கான்ட்வெல், பிரிட்டனின் மதுக்கடை ஒன்றில் பலகையை நோக்கி எறிந்த ‘டார்ட்’ என்ற சிற்றம்பைப் பார்த்தபோது அந்த எண்ணம் பிறந்ததாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இந்தச் செய்தி எனக்கு மிகவும் பிடிக்கும். முன்னால் கனமான முனை, பின்னால் நாலு இறகு. நிலைத்தன்மைக்கான பாடம் முழுதும் அந்த விரல் நீளப் பொருளில் இருக்கிறது. எந்தக் காற்றியக்கக் கணக்கும் போடாமல், அந்தச் சிற்றம்பின் வழியே கான்ட்வெல் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார். பெருக்கல் குறி போல விரியும் நாலு இறக்கைகளும் கேலிக்குரியவை அல்ல. ஏவுகணைகள் பலவற்றின் இறக்கைகள் இப்படித்தான் இருக்கின்றன. உடலைச் சாய்க்காமலேயே மேலே, கீழே, இடம், வலம் எங்கும் ஒரே மாதிரித் திரும்ப அது உதவுகிறது. தனியாகச் செங்குத்து வால் இல்லையே என்ற குறையும் இதில் அடங்கிவிடுகிறது: சாய்ந்து நிற்கும் நாலு இறக்கைகளும் வாலின் வேலையில் பங்கெடுக்கின்றன. பயணத்தின்போது இறக்கைகளை மூடி, சண்டையில் மட்டும் விரிப்பதும் நல்ல வழக்கமே. விரிந்த நாலு இறக்கைகளுக்கிடையே காற்று முட்டிமோதி இழுவையைக் கூட்டும்.

அதன் குறை வேறிடத்தில் இருக்கிறது. கனமான நாலு எஞ்சின்களும் பின்னால், இறக்கைகள் உடலோடு சேரும் இடத்தில் இருக்கின்றன. சிற்றம்பின் எடை முனையில் இருக்கும். எக்ஸ்-விங்கின் எடை வாலில் இருக்கிறது. நீண்ட மூக்குக்குள் எவ்வளவு பொருளை அடைத்தார்கள் என்பதைப் பொறுத்தே அது நேராகப் பறக்கும். இறக்கைகளின் பின்விளிம்பில் அசையும் மடிப்புகளும் கண்ணுக்குப் படவில்லை. நிலைகுலையும் விமானத்தைக் கணினி பிடித்து நிறுத்தும் என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். 1984-இல் முதலில் பறந்த எக்ஸ்-29 விமானத்தின் இறக்கைகள் முன்னோக்கி வளைந்தவை. கணினி வினாடிக்கு 40 முறை திருத்தம் செய்யாவிட்டால் அது பறக்காது. ஆனால் கணினி திருத்துவதற்கு எக்ஸ்-29-இல் அசையும் பரப்புகள் முன்னும் பின்னும் இருந்தன. மூளை இருந்தால் மட்டும் போதாது, கை வேண்டும்.

இறக்கை நுனிகளில் முன்னோக்கி நீளும் நாலு பீரங்கிகள் எனக்கு இன்னும் பெரிய கவலை. 1967 அக்டோபர் 3 அன்று பீட் நைட் இரண்டாவது எக்ஸ்-15-இல் மாக் 6.7 வேகத்தை, அதாவது ஒலியைப் போல 6.7 மடங்கு வேகத்தை, எட்டினார். விமானத்தின் அடியில் ஒரு போலி எஞ்சின் சோதனைக்காகத் தொங்கவிடப்பட்டிருந்தது. அதிலிருந்து எழுந்த அதிர்ச்சி அலை, அதைத் தாங்கிய கீழ்த் துடுப்பில் போய் மோதியது. மோதிய இடத்தில் உலோகம் உருகி ஓட்டைகள் விழுந்தன. மிகை வேகத்தில் ஒரு பாகம் இன்னொரு பாகத்தின் அலைக்குள் இருக்கக் கூடாது என்பதை அந்த ஓட்டைகள் கற்றுக்கொடுத்தன. நீட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு பீரங்கியும் தன் அலையைப் பின்னாலுள்ள இறக்கை மீது வீசும்.

இதுவரை எக்ஸ்-விங் முன்னால் நிற்கிறது. இனி உயரத்தை மாற்றிப் பார்ப்போம். சுற்றுப்பாதையிலிருந்து ஒரு கோளுக்குள் நுழையும் கலம், பூமியின் கணக்கில், வினாடிக்கு ஏறத்தாழ 7.8 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அங்கே காற்று கேட்பது வெப்பத்தைப் பற்றி.

1950-களின் தொடக்கம் வரை எல்லோரும் கூர்மையான மூக்கையே நம்பினார்கள். அமெரிக்காவின் ஏம்ஸ் ஆய்வகத்தில் ஜூலியன் ஆலன் அதைத் தலைகீழாக்கினார். மொட்டையான வடிவம் தனக்கு முன்னால் காற்றைக் கும்பலாகத் தள்ளுகிறது; அதிர்ச்சி அலை உடலைத் தொடாமல் தள்ளி நிற்கிறது; வெப்பத்தின் பெரும்பகுதி உடலுக்குள் இறங்காமல் காற்றோடு போய்விடுகிறது. கூர்முனையில் அந்த அலை தோலோடு ஒட்டிக்கொள்ளும். முனையின் வளைவு ஆரம் நாலு மடங்கானால் அங்கே விழும் வெப்பம் பாதியாகும் என்பது கணக்கு.

இப்போது டை ஃபைட்டரின் பந்தை மறுபடியும் பாருங்கள். 1961 ஏப்ரல் 12 அன்று யூரி ககாரின் விண்ணிலிருந்து காற்றுக்குள் நுழைந்தது ஒரு பந்துக்குள் இருந்தபடிதான். வோஸ்டாக் கலத்தின் இறங்குகூடு 2.3 மீட்டர் விட்டமுள்ள கோளம். எடை மையத்தை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்திருந்ததால், எப்படிப் புரண்டு வந்தாலும் காற்று அதைச் சரியான பக்கத்துக்குத் திருப்பிவிட்டது. அந்த வளைவோடு எக்ஸ்-விங்கின் பீரங்கி நுனியை ஒப்பிடுவோம். நுனியின் ஆரம் இரண்டரை சென்டிமீட்டர் என்றால் அங்கே விழும் வெப்பம் கோளத்தில் விழுவதைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு. இறக்கைகளின் மெல்லிய முன்விளிம்புகளின் கதியும் இதுவே. வேகத்தைக் குறைக்காமல் இரண்டு கலங்களும் வானத்திலிருந்து விழுந்தால் எக்ஸ்-விங் தன் இறக்கைகளையும் பீரங்கிகளையும் இழந்து உருத்தெரியாமல் போகும். டை ஃபைட்டரின் பலகைகள் பிய்ந்து எரிந்துபோகும். நடுவிலுள்ள பந்து கரிந்தபடி, வெப்பக்கவசம் மட்டும் இருந்தால், விமானியோடு கீழே வந்து சேரும். கண் ஏளனம் செய்த வடிவம் இங்கே வெல்கிறது.

இந்த உயரத்தில் பக்கவாட்டில் திரும்பிவிடுவது என்ன செய்யும் என்பதற்கு ஒரு துயரமான சாட்சி இருக்கிறது. ஆம்ஸ்ட்ராங் சாய்த்துப் பார்த்த அதே மூன்றாவது எக்ஸ்-15 விமானத்தை 1967 நவம்பர் 15 அன்று மைக்கேல் ஆடம்ஸ் 81 கிலோமீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோனார். ஏறும்போது ஒரு மின்கோளாறு அவர் கவனத்தை இழுத்தது. மூக்கு மெல்ல மெல்லப் பாதையிலிருந்து விலகியது. காற்று இல்லாத இடத்தில் மூக்கு எங்கே பார்த்தாலும் விமானத்துக்குத் தெரியாது, வலிக்காது. காற்று திரும்பி வந்தபோது அது கிட்டத்தட்டப் பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்தது. மாக் 5 வேகத்தில் சுழலத் தொடங்கியது. அந்தச் சுழற்சியிலிருந்து ஆடம்ஸ் மீண்டு வந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். ஆனால் தானியங்கிக் கட்டுப்பாடு விமானத்தை மேலும் கீழும் உலுக்கத் தொடங்கி நிற்கவில்லை. விமானம் வானத்திலேயே உடைந்தது. ஆடம்ஸ் இறந்தார்.

எக்ஸ்-15-இன் வால் மெல்லிய தகடல்ல. முன்னால் கூராகவும் பின்னால் சுவர் போல் தட்டையாகவும் இருக்கும் தடித்த ஆப்பு. மிகை வேகத்தில் மெல்லிய வால் வலுவிழந்துபோவதால், இழுவை கூடினாலும் பரவாயில்லை என்று அப்படிச் செய்தார்கள். அத்தனை பெரிய வால் இருந்தும் அன்றைக்கு அது காப்பாற்றவில்லை. வால் வேலை செய்யக் காற்று வேண்டும்.

காற்றே இல்லாத இடத்தில், அதாவது இந்தக் கலங்களின் சொந்த வீட்டில், பலகைகளுக்கு என்ன வேலை? கதைப்படி அவை சூரிய மின்தகடுகள். பூமி அருகே சூரியன் சதுர மீட்டருக்கு 1,361 வாட் தருகிறது. 40 சதுர மீட்டர் பலகை அதில் 30 சதவீதத்தை மின்சாரமாக்கினால் கிடைப்பது 16 கிலோவாட், ஒரு நடுத்தர மோட்டார் சைக்கிளின் சக்தி. டை (TIE, Twin Ion Engine) என்ற பெயருக்குள் ஒளிந்திருக்கும் அயனி எஞ்சின் நிஜத்தில் உண்டு. 2007-இல் நாசா ஏவிய ‘டான்’ விண்கலம் அதைக் கொண்டே வெஸ்டாவுக்கும் செரஸுக்கும் போனது. அதன் எஞ்சின் தரும் உந்துவிசை, உள்ளங்கையில் இரண்டு ஏ4 தாள்களை வைத்தால் உணரும் எடை அளவுதான். போர்க்கலத்துக்கு அது ஆகாது. ஆனால் அதே பலகைகளை வெப்பம் உமிழும் தகடுகளாக எண்ணிப் பார்த்தால் வடிவம் திடீரென்று அறிவுள்ளதாகிவிடுகிறது. வெற்றிடத்தில் எஞ்சினின் சூட்டை வாங்கிக்கொள்ளக் காற்றோ நீரோ இல்லை. கதிர்வீச்சாக மட்டுமே அதை வெளியேற்ற முடியும். பன்னாட்டு விண்வெளி நிலையம் அதற்காகவே அகன்ற தகடுகளை விரித்து வைத்திருக்கிறது. சக்தி மிக்க எந்தக் கலத்துக்கும் இப்படிப் பெரிய, தட்டையான பரப்புகள் தேவைப்படும்.

வெற்றிடத்தை நேர்மையாக எடுத்துக்கொண்ட கலங்களும் திரையில் உண்டு. ‘பாபிலோன் 5’ தொடரின் ஸ்டார்ஃபியூரி அவற்றில் முதன்மையானது. விமானியின் கூண்டு நடுவில். எஞ்சின்கள் நாலு கைகளின் நுனியில். எடை மையத்திலிருந்து தூரத்தில் தள்ளினால் சிறு விசையிலேயே கலம் சுழலும். கிணற்று ராட்டினத்தின் நீண்ட கைப்பிடி போல. ஓடிக்கொண்டே பின்னால் திரும்பித் துரத்துபவனைச் சுடும், பாதை மாறாது. அந்தக் கலம் காற்றுக்குள் வராது. அதற்கென்று இறக்கை வைத்த தண்டர்போல்ட் என்ற இன்னொரு வகையை அதே தொடர் பிறகு காட்டியது. ஒரே வடிவத்தால் இரண்டு இடத்திலும் வாழ முடியாது என்று கதைக்குள்ளேயே ஒப்புக்கொண்ட அந்தத் துணிவுக்காகவே அத்தொடரின் வடிவமைப்பாளர்களை நான் மற்ற எல்லோரையும்விட உயர்வாக மதிக்கிறேன்.

வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தேசிய வான், விண்வெளி அருங்காட்சியகம் இருக்கிறது. முதலாவது எக்ஸ்-15 அதன் சேகரிப்பில் உள்ளது. படப்பிடிப்பில் பயன்பட்ட முழு அளவு எக்ஸ்-விங் ஒன்றும் அதே அருங்காட்சியகத்துக்குக் கடனாக வந்திருக்கிறது. எக்ஸ்-15-இன் மூக்கை நெருங்கிப் பார்த்தால் சிறு துளைகள் தெரியும். ஹைட்ரஜன் பெராக்சைடு நீராவியாகச் சீறி வெளிவந்தது அவற்றின் வழியாகத்தான்: மூக்கில் எட்டு, இறக்கைகளில் நாலு. காற்று கைவிட்ட உயரத்தில் விமானத்தைத் திருப்பிப் பிடிக்க இருந்தவை இந்தப் பன்னிரண்டு துளைகள் மட்டுமே. எக்ஸ்-விங்கின் மூக்கு வழவழப்பாக இருக்கிறது.